எல்லாருக்கும் எண்பது

"ஏம்மா ஆரிபா, முள்ளு குத்தி வந்தவருக்கும் எண்பது, அவருக்குத் துணைக்கு வந்த மச்சானுக்கும் எண்பதா? விளாங்குடிக்கே காசநோய் வந்துருச்சா?"

டாக்டர் நல்லகாமன் ரிப்போர்ட்டுகளை மேசையில் போட்டார். லேப் டெக்னீஷியன் ஆரிபா அவற்றை எடுத்து மறுபடி பார்த்தாள்.

மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தினால், ஒரு மணி நேரத்தில் சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் ஈ.எஸ்.ஆர். பத்து, பதினைந்து என்றால் கவலையில்லை. உடம்புக்குள் காசநோய் மாதிரி ஏதாவது அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். திங்கட்கிழமையிலிருந்து எல்லாருக்கும் வேகமாகவே இறங்கியது.

"சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும். இல்லைன்னா நாளையிலேர்ந்து ரத்தத்தை டவுனுக்கு அனுப்பிர்றேன். நீ வீட்ல இரு."

அத்தா முகம்மது கனியிடம் ஒரு மாதம் கெஞ்சி, சம்மதம் வாங்கிச் சேர்ந்த வேலை இது. வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த வாரமே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவார்.

ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் கரைசலை மாற்றினாள். எண்பத்திரண்டு. குழாய்களைக் கழுவிக் காயவைத்தாள். எண்பத்தைந்து. வெயில் படுகிறதோ என்று ஜன்னலோரம் இருந்த மேசையை, புதுத் தரையில் தண்ணீர் போகும் மூலைக்கு இழுத்தாள். தொண்ணூற்றைந்து. கடைசியில் தன் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தாள். நூறு. உடனே அவளுக்குக் காய்ச்சல் அடிப்பதுபோல் இருந்தது.

"தாயி, நான் வீட்டுக்குப் போகலாமா?" என்று வாசலில் வந்து நின்றார் மலையாண்டி. அவனியாபுரத்துக் கொத்தனார்; திங்கட்கிழமை காய்ச்சலோடு வந்து படுத்தவர். காய்ச்சல் விட்டு மூன்று நாளாகியும், எண்பதைக் காட்டி டாக்டர் அவரை விடவில்லை.

"எனக்கே நூறுண்ணே. பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு கண்ணை மூடிக் குழாய்களைப் பார்த்தார். நூல் கேட்டு வாங்கி, அதன் நுனியில் பீரோச் சாவியைக் கட்டி, குழாய் ஓரமாகத் தொங்கவிட்டார். நூல் நேராக நின்றது. குழாய் சாய்ந்து நின்றது.

"தூக்குப் பிடிக்கல, தாயி. நேரா நின்னா மெதுவா இறங்கும். சாஞ்சு நின்னா சறுக்கிட்டுல்ல போகும்? மேசைக் காலுக்கு அடியில அட்டையை மடிச்சு வையி."

வைத்தாள். நூலும் குழாயும் ஒட்டி நின்றன. எல்லாரிடமும் மறுபடி ரத்தம் எடுத்தாள். ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு. பன்னிரண்டு. மலையாண்டிக்குப் பத்து. அவளுக்கு ஏழு.

சாயங்காலம் வந்த டாக்டர் நடந்ததைக் கேட்டு, அந்தச் சாவியையும் நூலையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏழு வருசம் படிச்சேன். எனக்குத் தெரியல. என்ன கண்ணுய்யா உமக்கு!"

"அண்ணே இல்லைன்னா இன்னிக்கு என் வேலை போயிருக்கும் சார்," என்றாள் ஆரிபா.

"புது வார்டு கட்டுறோம்ல, அம்புட்டு வேலையும் இவருக்குத்தான்," என்றார் டாக்டர்.

மலையாண்டி தலையைச் சொறிந்தார். இவ்வளவு புகழையும் தாங்க முடியாமல் கூச்சப்படுகிறார் என்று ஆரிபா நினைத்தாள். பெரிய மனுஷன்.

அவரைக் கூட்டிப்போகத் தூக்குவாளியோடு வந்த அவர் மனைவி சீனியம்மாள், லேப் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை நீங்க சரிவா வாட்டம் வச்சுப் பூசுன தரை இதுதானா? தண்ணி நிக்காம ஓடுதா?"