முயல் கடைத்தெருவுக்குப் போன நாள்

ஏன் கேக்கறீங்க டெய்லரண்ணே, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஏணி மேல நின்னு வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா? எல்லாம் நல்ல வானிலை பண்ண வேலை.

ஆறு நாள் பட்டறையில லேத் மிஷின் முன்னாடி நிக்கறவன் நான். ஏழாவது நாள் நாயைக் கூட்டிக்கிட்டு முயல் வேட்டைக்குப் போவேன். முயல் வராது. நான் வருவேன். கூடவே ஒரு காரணமும் வரும். என் சம்சாரத்துக்கு அது பொறுக்கலை. போன சனிக்கிழமை பிடிச்சுக்கிட்டா.

"கடைசியா என்ன சொன்னீங்க, காத்தா?"

"ஆமா. காத்தடிச்சா வாசனை கலைஞ்சுரும்."

"அதுக்கு முந்தி?"

"வெயில். மண்ணு காஞ்சா தடம் நிக்காது."

"அதுக்கும் முந்தி?"

"பேய் மழை. கழுவிட்டுப் போயிருச்சு."

"உங்க நாய்க்கு மூக்குன்னு ஒண்ணு நெசமாவே இருக்கா, இல்லை அழகுக்கு ஒட்டி வெச்சிருக்கா?"

எனக்கு ரோஷம் வந்துருச்சு. "நாளைக்குப் பாரு! இப்பதான் தூறல் விட்டிருக்கு. ஈர மண்ணு, அசையாத காத்து, மூடின வானம். வாசனை தரையோட படுத்துக் கிடக்கும். குருட்டு நாய்கூடப் பிடிச்சுரும்!"

கன்னத்துல கை வெச்சுக் கதை கேக்கற மாதிரிக் கேட்டா. "விடியறதுக்கு முன்னாடி போன தடம்கூட நிக்குமா?"

"ஜம்முனு நிக்கும்."

"நாளைக்கும் முயல் வரலைன்னா?"

"வேட்டையை விட்டுடறேன். ஞாயித்துக்கிழமை எல்லாம் உனக்கே!"

மறுநாள் புதர்க்காட்டுக்குப் போனதுமே நாய் மூக்கை இறக்குச்சு, வாலை ஏத்துச்சு. ஓட ஆரம்பிச்சுருச்சு. முயல் வாய்க்கால் ஓரமாப் போயிருந்துச்சு. சரி. பாலத்து மேல போயிருந்துச்சு. கெட்டிக்கார முயல். அப்புறம் கடைத்தெருவுக்குள்ள திரும்பியிருந்துச்சு. ஏதோ வேலையா வந்திருக்கும்னு நெனச்சேன்.

பால்காரர், "எங்கே ஓடறீங்க?"ன்னார்.

"முயலு! முன்னாடி போயிருக்கு!"

"இந்தப் பக்கம் உங்க வீட்டம்மாதானே போனாங்க?"

அப்பவும் எனக்கு உறைக்கலை. "அப்ப அவளும் பாத்திருப்பா"ன்னு சொல்லிட்டு ஓடறேன்!

நாய் எங்க தெருவுல நுழைஞ்சுது. எங்க வீட்டுப் பின்வாசல்ல பாஞ்சுது. படியில இவ உக்காந்திருக்கா. கையில கயிறு. கயித்து நுனியில வேகவெச்ச ஆட்டெலும்பு.

"வாங்க. தடம் ஜம்முனு நின்னுச்சா?"

"இது அக்கிரமம்!"

"புதர்க்காட்டுலேருந்து வீடு வரைக்கும் குனிஞ்சு இழுத்துக்கிட்டு வந்திருக்கேன், இடுப்பு போச்சு. அக்கிரமமாம்!"

"எலும்பு இல்லாட்டி இன்னிக்கு முயல்தான்!"

"சரி, வழக்கு வேணாம். இதே மாதிரி ஈரமா, காத்தில்லாம, வெயிலில்லாம ஒரு ஞாயித்துக்கிழமை வரட்டும். போயிட்டு வாங்க, குறுக்கே வரமாட்டேன். அதுவரைக்கும் சுண்ணாம்பு."

கோடை பொறந்தாச்சு அண்ணே. அந்தத் தூறலே வழி தவறி வந்தது. இனிமே மழைக்காலம் வரைக்கும் எனக்கேது அப்படி ஒரு வானம்?

இருங்க, உள்ளேருந்து விசில் அடிச்சுக் கூப்பிடறா. என்னையா, நாயையான்னு தெரியலை...

நாய் எந்திரிக்கலை. வரேண்ணே.