பூனைகள் குடித்த மீனெண்ணெய்

அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் இராமலிங்கம் ஒவ்வொரு காலையும் எட்டு மணிக்குக் காஜா பெராங் பகுதியிலுள்ள தம் வீட்டின் முன் முக்காலி போட்டு, சட்டையின்றி வெயிலில் அமர்வார். மழை பெய்தாலொழிய எழமாட்டார்.

வலிப்புக்கு மாத்திரை கொடுத்த மருத்துவர் சொல்லியிருந்தார்: "உடம்புல வைட்டமின் டி குறைவு. கால் வலி அதனாலதான். வலிப்பையும் அது தூண்டுமோன்னு எனக்குச் சந்தேகம். மாத்திரை, வெயில், மீனெண்ணெய், மூணும் தவறக்கூடாது. ஆறு மாசம் வலிப்பு வரலைன்னா மறுபடி வேலைக்குப் போகக் கடிதம் தர்றேன்."

ஆகஸ்டில் மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள். அவ்விழாவின் அழைப்பிதழைத் தம் கையாலேயே கோப்பதென்று இராமலிங்கம் உறுதி பூண்டிருந்தார்.

மாத்திரையும் வெயிலும் தவறவில்லை. மீனெண்ணெயின் நாற்றந்தான் அவரை வென்றது. மனைவி மீனாச்சி கரண்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பியதும், அது முக்காலிக்கு அடியில் போய்விடும்.

ஒரு பூனைக்கு இட்ட விருந்து, ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் முரசறைந்த செய்தி. மண்ணைப் போட்டு மூடினார். ஐந்து பூனைகள் வந்து தோண்டின. கொல்லைப்புறம் மாறினார், அவையும் குடிமாறின. தண்ணீரை வீசினார், அவை வேலி தாண்டி, பக்கத்து வீட்டுப் பூங்காவனம் காயவைத்திருந்த கருவாட்டைக் கண்டுகொண்டன.

மருத்துவர் குறித்த ஆறாம் மாதத்தின் கடைசி வாரம், கருவாட்டைக் காக்க வேலியைத் தாண்டிக் குதித்தவர், ஒரு பூனையின் வாலை மிதித்து, கருவாட்டு முறத்தோடு மண்ணில் உருண்டார்.

"ஐயோ, அண்ணனுக்கு வலிப்பு! இரும்பு கொண்டாங்க!" என்று அலறினாள் பூங்காவனம்.

நொடியில் கூட்டம் கூடியது. ஒரு கையில் சாவிக்கொத்தும் மறு கையில் தோசைக்கரண்டியும் திணிக்கப்பட்டன.

"எனக்கு ஒண்ணுமில்ல லா! பூனை! பூனை!"

"பாவம், பினாத்துறாரு. இன்னொரு சாவி குடுங்க!"

செய்தி அவருக்கு முன்னே மருத்துவரை அடைந்தது. எண்ணெயைக் குடிக்காத உண்மையைச் சொன்னாலும் கடிதம் கைநழுவலாம். இருந்தும் அதையே சொன்னார்.

"எண்ணெய் முழுக்கப் பூனைக்கா?"

"ஆமாங்க ஐயா."

"வேலியைத் தாண்டினது?"

"நான்தாங்க."

மருத்துவர் அவர் கால்களைத் தட்டிப் பார்த்தார். "எண்ணெய் இல்லாமலா இந்தத் தெம்பு?" என்று வியந்தபடியே கையெழுத்திட்டார்.

மறுநாள் ஒரு பொட்டலம் கருவாட்டோடு இராமலிங்கம் பூங்காவனத்தின் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, உன் கருவாடு போனது என்னாலதான். எண்ணெயைப் பூனைங்களுக்கு ஊத்திட்டேன். மன்னிச்சிரும்மா. மீனாச்சிகிட்டயும் இன்னிக்கே சொல்லிடுறேன்."

பூங்காவனம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணிக்கு முதல் வாரமே தெரியும்ண்ணே, எண்ணெயை வாசம் தெரியாம உங்க மிளகாய்ச் சம்பால்ல கலக்கத்தானே ஆறு மாசமா என்கிட்ட தினமும் கருவாடு வாங்குது!"