மாப்பிள்ளைக்குத் தோலோடு ஒரு கிழங்கு

என் வீட்டில் உருளைக்கிழங்கை எண்ணித்தான் வைப்பேன். கஞ்சத்தனம் இல்லை, பயம். ஒன்பதாவது படிக்கும் மகள் போன வாரம், "அம்மா, பழைய பிளாஸ்டிக் குழாய் கெடக்கா?" என்று கேட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. (பூச்செடிக்காம். நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னேன்.)

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில், நான் இயற்பியல் முதலாண்டு மாணவி. உலகம் எனக்காகத்தான் காத்திருக்கிறது என்ற நினைப்பு. கொல்லையில் ஒரு குழாயை வைத்து, உருளைக்கிழங்கைக் குண்டாகச் சுடும் பீரங்கி செய்திருந்தேன். எதைக் கொண்டு வெடிக்கவைத்தேன் என்று எழுதமாட்டேன். மகள் இதைப் படிப்பாள். அதுவரை அது நாலு முறை இருமியதோடு சரி.

அன்று அக்கா கல்யாணத்துக்கு மறுநாள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் அன்றைக்குச் சொதி போடவேண்டும். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் சேர்ந்த அந்தக் குழம்பை வைத்துத்தான் பெண்ணின் குடும்பத்தையே எடைபோடுவார்கள். அம்மா காலையிலிருந்து மூச்சே விடவில்லை.

நான் சமையல்காரரின் கூடையிலிருந்து சின்னதாக ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நழுவினேன். அங்கே கால் கழுவ வந்த புது அத்தான் நின்றிருந்தார். அரசாங்கப் பொறியாளர். கல்யாணம் முழுக்க அவர் குரலை யாரும் கேட்டதில்லை. (அக்காவுக்கே சந்தேகம்தான்.)

குழாயைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கெழங்கா?"

"ஆமா அத்தான்."

"வெடிக்குமா?"

"இதுவரைக்கும் இல்ல."

"சாய்வு காணாது. இங்கன பிடி." பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

டமார்!

பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. அத்தான் மீசையில் கரி. கிழங்கைக் காணோம்.

"ஏட்டி! அங்கன என்ன சத்தம்?" உள்ளேயிருந்து அம்மா.

"கல்யாண வெடி ஒண்ணு மிச்சம் கெடந்துதும்மா!"

அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊமையாகி உள்ளே போய்விட்டார்.

பந்தியில் முதல் இலை அத்தானின் அப்பாவுக்கு. ஏரல் ஊர்க்காரர். பச்சைத் தண்ணீரிலும் குறை கண்டுபிடிப்பார். பக்கத்து இலை அத்தானுக்கு. சமையல்காரர் முதல் இலையில் சொதியை ஊற்றினார். கரண்டியிலிருந்து பொத்தென்று விழுந்தது ஒரு முழுக் கிழங்கு, தோலோடு, ஒரு பக்கம் கருகி. சமையல் கொட்டகையில் கொதித்த சொதி அண்டாவுக்குள் போய் விழுந்திருக்கிறது!

"என்ன வே இது? எங்க ஊர்ல மாட்டுக்கே தோல் உரிச்சுதான் போடுவோம்!" என்றார் சம்பந்தி.

"முருகன் சத்தியமா ஒவ்வொண்ணா நாந்தான் சீவினேன் அண்ணாச்சி!" என்றார் சமையல்காரர்.

அக்கா கண் கலங்கிவிட்டது. சம்பந்தி எழுந்திருக்கத் தரையில் கை ஊன்றினார். அவர் இலையை விட்டு எழுந்தால், அக்கா அந்த வீட்டில் ஆயுசுக்கும் தலைநிமிர முடியாது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. (பீரங்கி மாதிரியே.)

அத்தான் கையை நீட்டி அந்தக் கிழங்கை எடுத்தார்.

"இது எனக்குப்பா. நாந்தான் போடச் சொன்னேன். தோலோட, அரவேக்காடா, ஒரு பக்கம் கருகி இருந்தா எனக்கு உசிரு."

கடித்தார். கொய்யாக்காயைக் கடித்த சத்தம் கேட்டது. மென்றார். விழுங்கினார். பந்தியே பார்த்துக்கொண்டிருந்தது.

"இத்தன வருசமா சொல்லவே இல்லியேலே?"

"நீங்க கேக்கலியேப்பா."

சம்பந்தி ஊன்றிய கையை எடுத்தார். "சரி, ஊத்தும் வே."

பிறகு அம்மாவைத் தவிர எல்லாருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்ல மட்டும் யாருக்கும் தைரியமில்லை. அவள் மாப்பிள்ளையின் ஆசையை மறக்கவுமில்லை. இன்றைக்கும் சொதி வைத்தால் தோலோடு ஒரு கிழங்கைப் பாதி வெந்ததும் எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் தீயில் காட்டி வைத்துவிடுவாள். இரண்டு பல் கட்டியிருக்கும் அத்தான் என்னை முறைத்துக்கொண்டே மென்று தீர்ப்பார்.

போன பொங்கலுக்கு என் மகள் பரிமாறினாள். "பெரியப்பா, இன்னொண்ணு வைக்கட்டுமா?"

"எனக்குப் போதும்மா. ஒங்க அம்மைக்கு வை. அவளுக்கும் உசிருதான், வெக்கத்துல கேக்கமாட்டா."

வைத்தாள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடித்தேன்.