இரண்டு கையும் கொடுத்த சிப்பாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு ரமலானிலும் எழுத உட்காருவேன். நோன்பும் அதுவுமாக நம் மானத்தை நாமே எதற்குக் கடைவீதிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பேனாவை மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நடையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பவத்தில் ஒரு பிழையும் கிடையாது. (என்னைத் தவிர.)

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த வருடங்களில் ஒன்று. துபாயில் ஒரு மாலில் துணிக்கடை சேல்ஸ்மேனாக இருந்தேன். கராமாவில் ரூம். முப்பது வயது வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. கீழக்கரையில் உம்மா எனக்குப் பெண் தேடிக் களைத்திருந்தார். ஒரு வீட்டில் பையன் ஒல்லி என்றார்கள். இன்னொரு வீட்டில் உயரம் அதிகம் என்றார்கள். (இரண்டும் உண்மைதான். என்னை விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கம்பம் கொஞ்சம் சதைப்பிடிப்பாகத் தெரியும்.) கடைசியாக ஓர் இடம் எல்லா வகையிலும் அமைந்து வந்தது. பெண்ணின் தாய்மாமா சிக்கந்தர் மாமு என்னை ஒருமுறை நேரில் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் போதும். அவருக்கு ஓமானில் சோஹாரில் கடை. சரக்கு எடுக்க துபாய் வரும்போது, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ரூமுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

உம்மா போனில் அழாத குறை. “மவனே, இந்த இடமும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது. திங்களும் வியாழனும் உனக்காவ நோன்பு புடிச்சிக்கிட்டு இருக்கேன். மாமுவுக்கு மரியாதைதான் முக்கியமாம். அதுல மட்டும் கொறை வச்சிராதே.”

“உம்மா, மரியாதையை எங்கிட்ட விட்டுருங்க” என்றேன். அந்த வயதில் எனக்கு எல்லாவற்றிலும் அப்படி ஒரு நம்பிக்கை.

அந்த வாரம் மாலில் பழைய காலத்துப் பட்டாள உடைக் கண்காட்சி போட்டிருந்தார்கள். நடத்தியவர் ஒரு வயதான இங்கிலீஷ்காரர். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய உடைகளை அதே மாதிரி தைத்து, பொம்மைகளுக்கு மாட்டி வைத்திருந்தார். ஆபீசர் பொம்மைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. சாதாரண சிப்பாய் பொம்மை மட்டும் வழியில் இரண்டாக உடைந்துவிட்டது. எங்கள் கடை மேனேஜர் மலையாளி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எடா, நீ நல்ல நீளமல்லே? ரெண்டு திவசம் போய் பொம்மையா நில்லு. கஸ்டமர் வந்தா சிரிக்க வேண்டா, அது மதி.”

இப்படியாக, உடைந்த பொம்மையின் இடத்துக்கு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

சிவப்புக் கோட்டு சரியாக இருந்தது. கம்பளித் துணியில் தைத்த பேண்ட்தான் விசித்திரம். இடுப்பு இரண்டு ஆள் நுழைகிற அகலம். பெல்ட் போட ஒரு வளையம்கூட இல்லை. அதைத் தாங்குவதற்குப் பிரேசஸ் என்கிற தோள்வார் இருந்தது. அதாவது, முன்பக்கம் பொத்தானில் மாட்டி, தோள் மேலே ஏற்றி, முதுகில் இறக்கி, பின்பக்கப் பொத்தானில் மாட்டுகிற இரண்டு பட்டை. ஆபீசர்களுடையது பட்டில் பூவேலை செய்தது. சிப்பாய்க்கு வெறும் பருத்தி நாடா, நுனியில் பொத்தான் துளை போட்ட தோல் துண்டு. எலாஸ்டிக் என்ற பேச்சே கிடையாது. “நோ பெல்ட். ஒன்லி பிரேசஸ்” என்று இங்கிலீஷ்காரர் விரலை ஆட்டி எச்சரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வளர்ந்த ஆம்பளைக்கு எதற்கு இந்தப் பால்வாடி ஏற்பாடு?

என் ரூம்மேட் முருகேசன் அரியலூர்க்காரர். அதே மாலில் மெயின்டனன்ஸ் வேலை. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். “பாய், கல்யாணத்துல கோஷ்டியைத் தொலைச்ச பேண்டு வாத்தியக்காரர் மாதிரியே இருக்கீங்க!”

முதல் நாள் மதியம், மாலின் தொழுகை அறையில் லுஹர் தொழும்போதுதான் சிக்கல் தெரிந்தது. ருகூவுக்குக் குனிந்தால் நாடா தோளை அறுத்தது. சஜ்தாவுக்குப் போனால் பின்னாலிருந்து யாரோ “எங்கே போறே?” என்று பிடித்து இழுப்பது போல இருந்தது. அந்தச் சிப்பாய்கள் நிமிர்ந்து நிற்பதற்காக மட்டும் தைத்த சாமான் போலிருக்கிறது. நெற்றியைத் தரையில் வைக்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

மறுநாள் வியாழக்கிழமை. மாலை அஸர் தொழுகை நேரத்தில் ஒரு முடிவெடுத்தேன். கோட்டைக் கழற்றி முருகேசனிடம் கொடுத்துவிட்டு, தோள்வாரை முன்பக்கம் கழற்றித் தொங்கவிட்டேன். பேண்டின் உபரி இடுப்பை இழுத்து மடித்து, கைலியைச் சுருட்டிச் செருகுவது போல வயிற்றில் செருகிக்கொண்டேன். பெல்ட் இல்லாமல் கைலியில் பந்து விளையாடியவன் நான். கைலியோடு படகில் ஏறி இறங்கியவன். இந்த வெள்ளைக்காரப் பேண்டா என்னை மீறிப் போகும்?

தொழுது முடிக்கும் வரை போகவில்லை. கட்டிய கை வயிற்றின் மேல் இருந்ததால் சுருட்டு அசையவில்லை. (கவனம் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். அந்தத் தொழுகையை ரூமில் போய்த் திரும்பத் தொழுதேன்.) தொழுகை அறையை விட்டு வெளியே வராந்தாவுக்கு வரும்போது சுருட்டு நெகிழ்வது தெரிந்தது. கம்பளி, கைலி மாதிரி சொன்ன பேச்சு கேட்கிற துணி இல்லை. இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

எதிரே என் சிவப்புக் கோட்டைக் கையில் போட்டபடி முருகேசன். பக்கத்தில் வெள்ளை ஜிப்பா, தொப்பி, மருதாணித் தாடியோடு ஒரு பெரியவர்.

“பாய், சோஹார்லேர்ந்து உங்க சொந்தக்காரரு. நாளைக்கு வர்றதா இருந்தாராம், இன்னைக்கே வந்துட்டாரு.”

சிக்கந்தர் மாமு! சொன்ன நாளில் வந்தால் சலவை செய்து வைத்த மாப்பிள்ளையைத்தானே பார்க்க முடியும் என்று எண்ணியிருக்கிறார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி” என்று முசாபஹா செய்ய இரண்டு கைகளையும் நீட்டினார்.

எங்கள் பக்கத்தில் பெரியவர் இரண்டு கையும் நீட்டும்போது ஒற்றைக் கையைக் கொடுப்பது முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். என் வலது கை போய்விட்டது. இடது கை இடுப்பில். மாமுவின் கைகள் காற்றில் காத்திருந்தன. உம்மாவின் நோன்பு நினைவுக்கு வந்தது. பிஸ்மி சொல்லி இடது கையையும் கொடுத்தேன்.

பேண்ட் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நேராகக் கணுக்காலுக்குப் போய்விட்டது. அந்தக் காலத்துச் சிப்பாய்ச் சட்டை முழங்கால் வரை நீளம். அல்லாஹ் அதைக் கொண்டு என் மானத்தைக் காத்தான்.

மாமு கையை விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு விசாரித்தார்.

“உம்மா சொகமா?”

“அல்ஹம்துலில்லாஹ், சொகம் மாமு.”

“வாப்பாவுக்கு முட்டி வலி தேவலையா?”

“தேவலை மாமு.”

“ராத்தா மாப்பிள்ளை சவூதியிலதானே?”

“ஆமா மாமு.”

என் அக்கா மாப்பிள்ளையோடு நிறுத்தாமல், கீழக்கரையில் ஒரு தெரு பாக்கியில்லாமல் நலம் விசாரித்தார். பின்னால் முருகேசன் என் கோட்டையே வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். கடைசியில் மாமு குரலைத் தாழ்த்தி, “தம்பி, கீழ ஏதோ உளுந்து கெடக்கு போல” என்றார்.

அந்த நேரம் பார்த்து இங்கிலீஷ்காரர் வந்தார். “பிரேசஸ்! பிரேசஸ்!” என்று கத்திக்கொண்டே மண்டிபோட்டு, பேண்டைத் தூக்கி, தோள்வாரை இழுத்து ஒவ்வொரு பொத்தானாக மாட்டிவிட்டார். எல்.கே.ஜி. பிள்ளை போல நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மாமு “நான் வர்றேன்” என்று ஸலாம் சொல்லிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் ரூமுக்கு வரவில்லை. சமைத்த பிரியாணியை முருகேசன்தான் ஆறுதல் சொல்லியபடியே சாப்பிட்டார். “விடுங்க பாய். வேற இடம் பாக்கலாம், பேண்ட் போடாத ஊரா பாத்து.” உம்மாவிடம் எப்படிச் சொல்வது? போன் மணி அடித்தாலே பயந்தேன்.

ஒரு நாள் உம்மாவே கூப்பிட்டார். “மவனே, அங்க என்னதான் செஞ்சே? மாமு பொண்ணு வீட்டுல வந்து பேசியிருக்காரு. ‘பையன் மானம் போவுதுன்னு தெரிஞ்சும் எனக்கு ஒத்தக் கைய நீட்டல. ரெண்டையும் குடுத்தான். இவனுக்குப் பொண்ணைக் குடுங்க’ன்னாராம். எந்த மானம்? என்ன போச்சு?”

“ஒண்ணுமில்ல உம்மா, சும்மா” என்றேன். போனை வைத்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

நிக்காஹ் அன்று மேடையில் மச்சான்மார் வரிசையாக வந்து முசாபஹா செய்தார்கள். ஒருவரும் கையை விடவில்லை. “உம்மா சொகமா? வாப்பா சொகமா?” என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் என் காலடியைப் பார்த்தார்கள். இன்று வரை மாமியார் வீட்டில் எனக்கு வரவேற்பு இதுதான். என் மகள்கூட, “வாப்பா, ரெண்டு கை ப்ளீஸ்” என்கிறாள்.

அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மங்காஃபில் இருக்கிற என் சின்ன மச்சான் இதைக் குவைத் முழுக்கச் சொல்லித் திரிகிறார். அவர் சொல்கிற கதையில் அந்தச் சட்டை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே வருகிறது. போன பெருநாளைக்கு இடுப்புக்கு வந்துவிட்டதாகக் கேள்வி. அதனால்தான் இப்போது எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் தாராளமாக நாலு பேரிடம் சொல்லுங்கள், சிரியுங்கள். எழுதியிருப்பது எழுதியிருக்கிறபடியே போகட்டும். சட்டை முழங்கால் வரை இருந்தது. அல்லாஹ்வுக்காக அதில் ஒரு அங்குலமும் குறைக்காதீர்கள்.