வலது கட்டை விரல் நீங்கலாக நலம்

அன்புத் தம்பிக்கு அக்கா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் நலம், டிரைவிங் ஸ்கூல் கார் நலம், உன் அத்தான் வலது கட்டை விரல் நீங்கலாக நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முடி கொட்டுவது நின்றதா? நின்றிருக்காது. வருத்தப்படாதே, அது நம் அப்பா நமக்கு விட்டுப்போன சொத்து.

போன வாரம் போனில் பேசும்போது, "எங்க கம்பெனியில புதுசா ஒரு சோஷியல் நெட்வொர்க் கட்டிக்கிட்டு இருக்கோம்க்கா, உன்னை மாதிரி ஆளுங்களுக்கு என்ன வேணும்னு சொல்லேன்" என்று கேட்டாயே, அந்த நிமிடத்திலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நீ பேச்சுவாக்கில் கேட்டிருப்பாய் என்று உன் அத்தான் சொல்கிறார். அவர் கிடக்கிறார். இவ்வளவு பெரிய கம்பெனி ஒன்று வாய் திறந்து நம்மைக் கேட்டிருக்கிறது, சும்மா விடலாமா? ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ "ம்... ம்..." என்று ஒப்புக்குச் சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் டக் டக்கென்று வேறு எதையோ தட்டுவாய், எனக்குக் கேட்காது என்று உனக்கு நினைப்பு. இப்போது இருக்கிற நெட்வொர்க்கில் எழுதினாலோ ஊருக்கெல்லாம் தெரியும், உனக்கு மட்டும் தெரியாது. அதனால்தான் காகிதம். இதை உன் மேலதிகாரியிடம் அப்படியே படித்துக் காட்டு. முடி விஷயத்தை மட்டும் விட்டுவிடு.

முதலில் அவருக்கு என் தொழிலைச் சொல்லிவிடு. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருப்பதுபோல, பக்கத்தில் உட்காரும் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னைப் பிரேக் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் வருகிறவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். அது தப்பில்லை, கால் அப்படித்தான். அதற்காகத்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் கட்டுகிற நெட்வொர்க்குகளில் எல்லாருக்கும் ஆக்ஸிலேட்டர் இருக்கிறது, பக்கத்து சீட்டு காலியாகக் கிடக்கிறது. இதை நான் வெறுமனே சொல்லவில்லை, பட்டுவிட்டுச் சொல்கிறேன்.

நடந்ததைக் கேள். உன் அத்தானின் அக்கா, அதாவது என் நாத்தனார், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர் கடைப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கி வைத்து, அதைப் படம் பிடித்து, "சில நாளைக்கு ஓய்வு" என்று எழுதி நெட்வொர்க்கில் போட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாக அழுகிற முகத்தைப் போட்டார்கள். உன் அத்தானும் ஒரு அழுகை போடலாம் என்று போனை எடுத்தார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்பது உனக்குத் தெரியும், அந்தக் கட்டை விரல் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அந்த ஒரு விரல் அகலத்துக்குள் இதயம், சிரிப்பு, அழுகை மூன்றையும் நெருக்கி வைத்திருக்கிறான் ஒரு மகராசன். இவர் அழுகையை அழுத்தினார். பதிந்தது சிரிப்பு. வாய் கொள்ளாமல் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற அந்த முகம். மனிதர் அதைக் கவனிக்கவே இல்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அக்காவுக்கு ஆறுதல் சொல்லியாச்சு" என்று என்னிடம் நிம்மதியாகச் சொல்லிவிட்டு யார் வீட்டு ஃப்ரிட்ஜையோ ரிப்பேர் பார்க்கக் கிளம்பிப் போனார்.

அடுத்த நிமிடம் நாத்தனார் போன் அவருக்குச் சொல்லிவிட்டது, உங்கள் தம்பி சிரித்தார் என்று. அதற்கு அப்படி என்ன அவசரம்? ஒரு மனிதராக இருந்தால், உடன்பிறந்தவள் கால் உடைந்து கிடக்கிறாள், தம்பி சிரிக்கிறான், எங்கேயோ இடிக்கிறதே என்று ஒரு நொடி யோசிக்க மாட்டாரா? "ஐயா, நிஜமாகவே சிரிக்கிறீரா?" என்று ஒரு வார்த்தை இவரைக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் கேட்கும் பிரேக் அவ்வளவுதான். கேட்கவில்லை. நாத்தனாருக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். பேர் எதுவும் சொல்லாமல், "விழுந்தவளைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் வெளியில் இல்லை, சொந்தத்திலேயே இருக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதிப் போட்டார்.

பேர் சொல்லாததுதான் வினை. சொந்தத்தில் பாதிப் பேர் அது தங்களைத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். தையல் கடை வைத்திருக்கிற ஓரகத்தி, "நான் எப்போதோ சிரித்ததை இப்போது ஏன் குத்திக்காட்ட வேண்டும்?" என்று கேட்டாள். அவள் எப்போது சிரித்தாள் என்றே அதுவரை யாருக்கும் தெரியாது. உன் அத்தானின் சித்தப்பா, தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் சைரன் சித்தப்பா என்போமே, அவர் நுழைந்து, "யார் சிரித்தது, பேரைச் சொல்" என்று ஆரம்பித்தார். எங்களுக்கு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஒருவர் எங்கிருந்தோ வந்து, "இப்படிப்பட்ட சொந்தத்தை வெட்டி எறியுங்கள்" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் நிறைய இதயங்கள். இந்த நெட்வொர்க் என்ன செய்தது தெரியுமா? கூட்டம் சேருகிறதே என்று சண்டையைத் தூக்கி எல்லார் போனிலும் தலைமேல் வைத்தது. திறந்தால் சண்டை, மூடித் திறந்தால் மறுபடியும் சண்டை. பலமுறை தோற்றுத் தோற்றுக் கடைசியில் டெஸ்ட் பாஸ் பண்ணிய என் மாணவி ஒருத்தியின் படத்தை அன்றைக்குத்தான் போட்டிருந்தேன். அதை அவளைப் பெற்றவளுக்குக்கூடக் காட்டவில்லை.

மறுநாள் காலை காரில் ஆளை ஏற்றிக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போனால் கேட்டில் புதுப் பூட்டு. அந்த மைதானம் நாத்தனாருடையது என்பது உனக்கு நினைவிருக்கும். கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருக்கிற காலி மனை. பழைய டயர்களை நட்டு வைத்து அங்கேதான் ரிவர்ஸும் பார்க்கிங்கும் சொல்லித்தருகிறேன். வாரக் கடைசியில் என் ஆட்களுக்கு டெஸ்ட். ரிவர்ஸ் தெரியாமல் போனால் அத்தனை பேரும் தோற்பார்கள், தோற்றால் எதிர்த்த வீதியில் சொந்த மைதானத்தோடு இருக்கிற அந்த இன்னொரு ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள், அப்புறம் நான் என் பிரேக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு வழியில்லாமல் வீதியிலேயே ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தேன். ஸ்டியரிங்கில் இருந்தவர் ஒரு பல் டாக்டர். "பின்னாடி பாருங்க" என்றால் என் முகத்தைப் பார்க்கிறார். ஒரு வீட்டுப் பூந்தொட்டிக்கு அரை சாண் இருக்கும்போது மிதித்தேன் என் பிரேக்கை. தொட்டியும் பிழைத்தது, டாக்டரும் பிழைத்தார். உன் கம்பெனிக்கு இதை எழுதியே ஆக வேண்டும் என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன்.

இதற்குள் உன் அத்தானுக்கு விஷயம் தெரிந்து மனிதர் ஆடிப்போய்விட்டார். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, அடித்து, திருத்தி, என்னிடம் நான்கு தடவை படித்துக் காட்டி, "அக்கா, விரல் தவறிப் பட்டுவிட்டது. நான் சிரிக்கவில்லை. மன்னித்துவிடு" என்று எழுதிப் போட்டார். அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிறாய்? நான் பார்த்தேன், ஒரு டயர் கடை பார்த்தது. அவ்வளவுதான். சண்டைக்கு ரத்தினக் கம்பளம், மன்னிப்புக்குக் கொல்லைப்புறக் கதவு. நீ புதிதாகக் கட்டுவதில் இதை மட்டுமாவது கவனி தம்பி. எந்தெந்த வீட்டுக்குச் சண்டை போய்க் கதவைத் தட்டியதோ அந்தந்த வீட்டுக்கெல்லாம் மன்னிப்பும் போய்த் தட்ட வேண்டும். இது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லையே. போதாக்குறைக்கு அந்த நெட்வொர்க் உன் அத்தானுக்கு, கெட்ட சொந்தக்காரர்களைக் கழற்றிவிடுவது எப்படி என்று ஒரு வீடியோவைக் காட்டியது. அவரும் கடைசி வரை பார்த்தார், முடிவில் ஏதாவது சமாதானம் சொல்வார்கள் என்று.

"போதும், எழுந்திருங்க, நேர்ல போவோம்" என்றேன் நான். கண்ணாடிக் கடையில் நாத்தனார் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், மாவுக்கட்டுக் கால் ஸ்டூலின் மேல். எங்களைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி, அதனால் முகம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அழுதிருந்தார்.

"அண்ணி, அவர் சிரிக்கலை. விரல்தான் வழுக்கிடுச்சு" என்றேன்.

"விரல் வழுக்குமாம். நான் வழுக்கினேன், கால் உடைஞ்சுது. இவன் வழுக்கினா சிரிப்பு வருமாம்."

"சத்தியமாக்கா. அழுகையைத்தான் அழுத்தினேன்" என்றார் உன் அத்தான், சின்னப் பிள்ளை மாதிரி.

நாத்தனார் குரல் இறங்கி, "சிரிச்சா சிரிச்சுட்டுப் போடா. அது எனக்கு ஆறிப்போச்சு. எத்தனை பேர் அழுத முகம் போட்டாங்க தெரியுமா? ஒருத்தர் வந்து எட்டிப் பார்க்கலை. தண்ணி எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாம இந்தக் காலை இழுத்துக்கிட்டுக் கிடந்தேன். நீ பக்கத்துத் தெருவுலதானேடா இருக்கே" என்றார்.

தம்பி, நாங்கள் ஏன் போகவில்லை? நேரம் இல்லாமலா? இல்லை. போய்விட்டோம் என்றே நினைத்துவிட்டோம். விரலை வைத்து அழுத்தியதும் பார்த்துவிட்டு வந்த நிம்மதி வந்துவிட்டது. உன் மேலதிகாரியிடம் இந்த வரியை இரண்டு தடவை படி. அழுகிற முகத்தை ஒருவர் அழுத்தினால், "சரி, அழுதாயிற்று, இப்போது போய்ப் பார்த்துவிட்டு வா" என்று உங்கள் நெட்வொர்க் சொல்ல வேண்டும். போகிற வழியையும் காட்டட்டும், பக்கத்துத் தெருவாக இருந்தாலும்.

உன் அத்தான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். நாத்தனார் குடித்துவிட்டு, "எங்கே, எப்படித்தான் வழுக்கிச்சுன்னு காட்டு பார்ப்போம்" என்று தன் போனை நீட்டினார். ஊருக்கே கண்ணாடி விற்கிறவர், தன் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். மேலே ஏதோ ஒரு படம் இருந்தது. "இதுல அழு" என்றார். உன் அத்தான் கையைப் பேன்ட்டில் துடைத்து, மூச்சைப் பிடித்து, ஸ்க்ரூவை முடுக்குகிற மாதிரி குறி பார்த்து அழுத்தினார். சிரிப்பு. விழுந்து விழுந்து சிரிக்கிற அதே முகம். நாத்தனார் போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார், தம்பியின் விரலைப் பார்த்தார், அப்படியே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். "ஐயோ, காலு வலிக்குது, என்னைச் சிரிக்க வைக்காதேடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, கல்லாவிலிருந்து மைதானச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அன்று மாலையே பல் டாக்டர் டயர் ஒன்றைக்கூடத் தொடாமல் ரிவர்ஸ் எடுத்தார்.

ஆகவே தம்பி, சுருக்கமாகச் சொன்னால் வேகம் காட்டத் தெரிந்த உங்களுக்கு நிறுத்தத் தெரிய வேண்டும். சண்டையைக் காட்டிக் கூட்டம் சேர்க்கிற பிழைப்பு நமக்கு வேண்டாம், நீ நல்ல வயிற்றில் பிறந்தவன். நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு, பின் சீட்டிலும் பெல்ட் போடு. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைக்கு முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நேரில் வந்து பார்க்கிற மனிதர்கள் சூழ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் பக்கத்து சீட்டில் இருக்கும்
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம். நாத்தனார் போனில் மேலே இருந்த அந்தப் படம் சைரன் சித்தப்பாவுடையதாம். புதிதாகப் பல் செட் கட்டிக்கொண்டு வாயை விரித்துப் போட்டிருந்தாராம். நாத்தனார் பேரில் சிரிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. மனிதர் நேரே எங்கள் மைதானத்து கேட்டில் வந்து நின்று, நாத்தனாரைத் திட்டி முழு சைரனில் ஒரு வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். அவர் தலைக்குப் பின்னால் நம் ஸ்கூல் போர்டும் போன் நம்பரும் பளிச்சென்று தெரிகின்றன. நெட்வொர்க் அதை எல்லார் தலையிலும் கொண்டுபோய் வைத்திருக்கிறது. காலையிலிருந்து போன் ஓயவில்லை, எல்லாரும் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நாத்தனார்தான் ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவர் பேராக எழுதிக்கொள்கிறார். அதனால் மேலே சொன்ன பிரேக் விஷயத்துக்கு ஒன்றும் அவசரமில்லை, இந்த பேட்ச் நிரம்பட்டும், நானே சொல்கிறேன். உன் அத்தான் வேறு, சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று காலையிலிருந்து நச்சரிக்கிறார். போனைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டு வைத்திருக்கிறேன்.