நாற்காலிக்குப் பஞ்சர் பார்த்த பட்டதாரி

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், என் நாற்காலி நலமில்லை. அங்கே நீங்கள், அம்மா, கடையில் காற்றடிக்கும் இயந்திரம், மூவரும் நலமென்று நம்புகிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். நம் பேச்சு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று போன வாரம் பார்த்தேன். நாற்பத்தொரு வினாடி. "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்பா." "ஆபீஸெல்லாம் நல்லா போகுதுங்களா?" "போகுதுப்பா." "சரி, வேலையா இருப்பீங்க, வச்சிடறேன்." இதில் ஏழு வினாடி நீங்கள் தொண்டையைச் செருமியது. என்னோடு பேசும்போது எழுந்து நின்றுகொள்கிறீர்கள் என்று வேறு அம்மா சொல்கிறாள். பஞ்சர் ஒட்ட வருகிறவர்களையெல்லாம், "ஆணி எங்கே இருக்குன்னு தேடிப் போய் ஏத்தினீங்களாண்ணே?" என்று வாரிவிடுகிற மனிதர், பெற்ற பெண்ணிடம் கைகட்டி நிற்காத குறை. என் பட்டச் சான்றிதழைத் தொட்டுப் பார்ப்பதற்காக இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினீர்களே, அன்று ஆரம்பித்தது இது. அதற்கு முந்தின நாள் வரை என் நடையைப் பார்த்து நீங்கள் வைத்த பெயர்தான் எனக்கு. வாத்து. நீங்கள் கிண்டல் செய்வீர்கள், நான் முறைப்பேன். நமக்குள் பேச்சு என்று இருந்ததே அதுதான். அதையும் நிறுத்திவிட்டால் எனக்கு வேறு என்ன பேசத் தெரியும்? ஆகவே, நான் இன்னும் அதே வாத்துதான் என்பதற்குச் சான்றாகக் கீழ்க்கண்ட சம்பவத்தைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன்.

ஆபீஸில் என்னை, வருகிறவர்களுக்கு விவரம் சொல்லும் விசாரணை மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்குத் தந்த சுழல் நாற்காலிக்குக் கீழே ஒரு தடித்த குழாய். பக்கத்துப் பிடியை இழுத்தால் உஸ்ஸென்று ஏறும். பிறகு யாரும் கேட்காமலே இறங்கும். பத்து மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றுக்கு மேசை விளிம்பு மோவாயில் இடிக்கும், பன்னிரண்டுக்கு வெளியே தெரிவது என் வகிடு மட்டும். சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் நாற்காலி சரியில்லை என்றால் திமிர் பிடித்தவள் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். ஒருநாள் ஒரு பெரியவர் வந்து "இங்க யாருமே இல்லையா?" என்று சத்தம் போட, நான் கீழிருந்து "சொல்லுங்க சார்" என்றேன். மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வருகைப் பதிவு எடுப்பவர் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் எனக்கு விடுப்பே போட்டுவிட்டார்.

அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. காற்றால் ஏறுவது தானாக இறங்குகிறது என்றால் என்ன அர்த்தம்? கசிவு. கசிவு எங்கே என்று எப்படிப் பார்ப்பது? தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதுகூடத் தெரியாமலா உங்கள் கடையில் வளர்ந்தேன்? மதிய இடைவேளையில் நாற்காலியைக் கழிவறைப் பக்கம் உருட்டிப் போய், தரைத்துணி அலசுகிற அகலத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குழாய் முங்கும்வரை உள்ளே இறக்கி, மண்டிபோட்டு உட்கார்ந்து குமிழிக்காகக் காத்திருந்தபோது கதவு திறந்தது. மேலாளர் அம்மா. ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம். அவர் பல்லை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்று பேச்சு.

"என்னம்மா பண்றே?"

"குமிழி வருதான்னு பார்க்கிறேன் மேடம்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

வேலைக்குச் சேரும்போது தந்த படிவத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வாகனத் துறை' என்று எழுதிக் கொடுத்தவள் நான். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றினேன் போலிருக்கிறது. மன்னித்துவிடுங்கள் அப்பா. ஆனால் கையெல்லாம் தண்ணீர் சொட்ட நின்றபோது பொய் வரவில்லை. "எங்கப்பா மேடம். பஞ்சர் கடை வச்சிருக்கார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் பாரு." சாய்த்தேன். தொட்டியும் சேர்ந்து சாய்ந்தது. தண்ணீர் வராந்தா வரைக்கும் ஓடியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லாப் பல்லும் இருக்கிறது. மறுநாள் வேறு நாற்காலி வந்தது. படிவத்தையும் திருத்திக் கொடுத்துவிட்டேன். இப்போது என்னைக் கண்டாலே அவர், "என்ன, குமிழி வந்துச்சா?" என்கிறார். இந்த ஊரில் என்னைக் கிண்டல் செய்ய ஒருவர் கிடைத்துவிட்டார். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

ஆகவே அடுத்த முறை பேசும்போது உட்கார்ந்து பேசுமாறும், ஒரே ஒரு தடவையாவது பழையபடி என்னைக் கிண்டலாக வாருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு என் அன்பு. கடையில் காற்றடிக்க வருகிற எல்லோருக்கும் ஆணியில்லாத சாலை வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள வாத்து

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அழைப்பு வந்துவிட்டது. நாற்காலிக் கதையை அம்மாவிடம் சொல்லிவிட்டு, கடிதம் வரும்வரை அப்பாவிடம் சொல்லாதே என்று படித்துப் படித்துச் சொன்னது என் தப்பு. "ஏண்டி வாத்து, நாற்காலிய எவளாவது தண்ணியில முக்குவாளா? முக்க முடியாததுக்குச் சோப்புத் தண்ணி தடவணும்டி! இத்தனை வருஷம் கடையில என்னத்தடி பார்த்தே?" என்று ஆரம்பித்து இருபத்திரண்டு நிமிடம். பின்னால் கடைக்கு வந்த யாரோ, "மேசைக்கும் காத்தடிக்கணுமான்னு பாப்பாகிட்ட கேளுங்க" என்றது காதில் விழுந்தது. சிரித்த சிரிப்பில் நீங்கள் ஸ்டூலிலிருந்து விழுந்ததாக அம்மா சொன்னாள். உட்கார்ந்துதான் பேசியிருக்கிறீர்கள். எனவே மேற்கண்ட விண்ணப்பத்தை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். வாரத்துக்கு ஒரு நாளாவது தயவுசெய்து மரியாதையாகப் பேசுங்கள்.