தவளை ராசாவின் வதிவிடச் சான்றிதழ்

தலவாக்கலை பஸாரில் நாற்பத்து மூன்றாம் இலக்கக் கடை செல்லசாமியுடையது. முன்பக்கம் போட்டோக் கொப்பி, பின்பக்கம் வீடியோ கேம். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் கடைசியில் நாடு எத்தனையோ பெரிய விஷயங்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததாம். அந்தப் பின்பக்கத்தில் கூடியவர்களுக்கு இருந்தது ஒரே கவலை: வாள் சண்டை கேமில் ஒரு தவளைக்கு என்ன வேலை?

புதிதாக வந்த அந்தக் கேமில் பதினெட்டு வீரர்கள். பத்தொன்பதாவது ஆள் விருந்தாளி, வேறொரு கேமிலிருந்து இரவலாக வந்தவர். செல்லசாமியின் கேம் மெஷினில் வந்த விருந்தாளி தவளை ராசா. பலகைக்குப் பலகை தாவி, வழியில் நத்தைகளை மிதித்து, பழம் பொறுக்கும் பழைய தாவல் கேமின் நாயகர். பக்கத்து ஊர் லிந்துலைக் கடையில் இருந்தது வேறு கம்பனி மெஷின். கேம் அதேதான், விருந்தாளி மட்டும் ஒரு முகமூடி ஆசாமி. தவளை அங்கே போக முடியாது, முகமூடி இங்கே வர முடியாது. கம்பனி உத்தரவு. கம்பனி சொன்னால் ஏன் என்று கேட்கக்கூடாது என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தவளையை ஆட்டுவதில் சுலக்ஷனாவை மிஞ்ச ஆளில்லை. வயது இருபத்திரண்டு. செங்கந்தைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, உயர்தரம் பாஸ் பண்ணி, செல்லசாமி கடையில் கொப்பி அடித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. வதிவிடச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மூன்று தடவை விண்ணப்பித்தாள். மூன்று தடவையும் ஒரே பதில்: "லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் இல்லை. இலக்கமற்ற இடத்தில் ஒருவர் வசிப்பதாகக் கருத இடமில்லை."

பதிலில் கையொப்பமிட்டவர் அலுவலர் சிவபாதம். வதிவிட உறுதிப்பாடு மற்றும் இளைஞர் பொழுதுபோக்கு ஒழுங்கமைப்புக் காரியாலயம் என்று ஒன்று இருந்தது, அவர் வேலை அங்கேதான். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்தாறு வருடம் சேவை செய்த மனிதர், கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். "பிள்ளை, நான் உம்மை நம்பிறன். ஃபைல் நம்பாது" என்று மூன்று தடவையும் கனிவாகத்தான் சொன்னார்.

அந்தக் காரியாலயம் வீடியோ கேம் போட்டி ஒன்றை அறிவித்தது. வருட முடிவில் செலவழிக்காத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடுமாம். செல்லசாமியின் கேம் மெஷினைக் காரியாலய மண்டபத்துக்கு எடுப்பதென்று முடிவானது. விதிகள் இருபத்தொன்று. ஏழாம் விதி: "வெளியார் பங்குபற்றலாகாது."

லிந்துலை அணிக்குத் தலைவன் கிஷாந்த், இருபது வயது. முகமூடி வர முடியாத இடத்தில் தவளை மட்டும் ஆடுவதா என்று வயிறெரிந்து, ஏழாம் விதியைக் காட்டி மனுக் கொடுத்தான். மனு வந்தால் விசாரணை நடந்தே ஆகவேண்டும்.

"முறைப்பாட்டாளர் ஆர்?" என்றார் சிவபாதம்.

"நான்தாங்க சேர், கிஷாந்த். தவளை வெளியாளுங்க. எங்க முகமூடி வர முடியாதப்ப இவரு மட்டும் எப்பிடிங்க வருவாரு?"

"உங்கட முகமூடி ஏன் வரேலாது? றோட்டு உடைஞ்சு கிடக்கோ?"

"ரோடு நல்லாத்தான் இருக்குங்க. கம்பனி விடாதுங்க."

"எழுத்தில தந்தவையோ?"

"பெட்டி மேல அச்சடிச்சிருக்குங்க."

சிவபாதம் பெட்டியை வாங்கிப் படித்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, ஃபைலில் கட்டினார். பிறகு தவளையின் சார்பில் வந்தவர்களைக் கூப்பிட்டார். செல்லசாமியும் சுலக்ஷனாவும் எழுந்தார்கள்.

"இவர் எப்ப தொடக்கம் இஞ்ச இருக்கிறார்?"

"தொண்ணூத்தொண்ணுல இருந்துங்க சேர்" என்றார் செல்லசாமி. "மொத மொத டீவி கேம் வாங்குனப்ப வந்தவரு. பன்னெண்டு வருசமா நம்ம கடைதான். ஒரு நாள் வெளிய போனதில்லிங்க."

"பலகை தாவுறவனுக்கு வாள் எதுக்குங்க?" என்று கிஷாந்த் குறுக்கே விழுந்தான்.

சுலக்ஷனாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பலகை தப்புனா உசுரு போற கேம்டா அது! ஒங்க முகமூடிக்கு என்னா, கண்ண மூடிக்கிட்டு பட்டன அமுக்குனாலே செயிச்சிருவான்."

"அமைதி. முகவரி?"

"நாப்பத்திமூணு, பிரதான வீதி" என்றார் செல்லசாமி.

சிவபாதத்தின் பேனா நின்றது. "இலக்கம் இருக்கு" என்றார், கோயிலில் நிற்கிற குரலில். "குற்றச்செயல் ஏதும்?"

"நத்தைங்கள மிதிச்சிருக்காருங்க" என்று செல்லசாமி ஒப்புக்கொண்டார்.

"பொலிசில முறைப்பாடு?"

"நத்தைங்க ஒண்ணும் குடுக்கலிங்க."

"அப்ப நன்னடத்தை திருப்தி."

அன்று மாலையே பத்திரம் தயாரானது. "மேற்படி தவளை ராசா என்பார் குறித்த முகவரியில் பன்னிரண்டு வருடங்களாக இடையறாது வசித்துவரும் நிரந்தர வதிவாளர் என இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது." இரண்டு பிரதி தேவைப்பட்டு, சிவபாதமே கடைக்கு வந்தார். சுலக்ஷனாதான் கொப்பி அடித்துக் கொடுத்தாள். மெஷினிலிருந்து சூடாக வந்த தாளைக் கையில் பிடித்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சேர், எனக்கு?"

"உமக்கு இலக்கம் இல்லையே, பிள்ளை."

"நான் பொறந்ததே அந்த லயத்துலதானுங்க."

"அது பிறப்பு. இது வதிவிடம்."

"அப்ப இருவத்திரெண்டு வருசமா நான் எங்கிங்க இருந்தேன்?"

சிவபாதம் கண்ணாடியைக் கழற்றி உண்மையாகவே யோசித்தார். "அதைத்தான் நானும் விளங்காமல் இருக்கிறன்" என்றார்.

ஏழாம் விதி ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை என்று இருக்கலாமா? முப்பத்தொரு போட்டியாளர்களின் வதிவிடப் பத்திரங்களையும் சிவபாதம் கேட்டார். முப்பத்தொரு பேரும் லயத்துப் பிள்ளைகள். ஒருவரிடமும் பத்திரம் இல்லை. மனுக் கொடுத்த கிஷாந்திடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை போட்டி நடந்தது. பார்வையாளராக இருக்க வதிவிடம் தேவையில்லை என்பதால் எல்லாரும் வாங்குகளில் உட்கார்ந்தார்கள். திரையில் தகுதிபெற்ற ஒரே போட்டியாளர் வாளும் கையுமாகக் கழுத்து உப்ப உப்ப நின்றார். ஆட்ட ஆளில்லை, எதிர்க்கவும் ஆளில்லை. விதிப்படி பதினைந்து நிமிடம் சிவபாதம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எதிராளி சமுகமளிக்காமையால் தவளை ராசா வெற்றி" என்று அறிவித்தார். முதல் கைதட்டு சுலக்ஷனாவுடையது. தவளை செயித்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

சிவபாதம் ஒரு படிவத்தோடு அவளிடம் வந்தார். "மேன்முறையீட்டுப் படிவம். இந்த வருசத்துக்கு இது ஒண்டுதான் மிச்சம். லயத்துக்கு இலக்கம் வேணும் எண்டு முப்பத்தொரு பேரும் ஒண்டாக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. மேலிடம் பதில் சொல்லியே ஆகவேணும். நாலு மணிக்கு யன்னல் பூட்டிப்போடுவன்."

மூன்றரை மணி. அவள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் படிவத்தை விரித்தாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். நல்ல காரியம் நடக்கத்தான் இருந்தது.

"ஆனா அக்கா," என்றான் கிஷாந்த், "சும்மா நின்னவன் செயிச்சதா ஆகாது."

"ஏன் ஆகாது? நேரத்துக்கு வந்து நின்னாருல்ல?"

"குதிக்கக்கூட இல்லியே. எங்க முகமூடியா இருந்தா நின்ன எடத்துலயே வாளச் சுத்திக்கிட்டிருப்பான்."

"சுத்துனா வீரனா? அவன் வேசம் கட்டுன பொம்ம!"

"பழம் பொறுக்குறவனுக்கு வெற்றியாம். இது செல்லாது. எங்க வேணும்னாலும் சொல்லுவேன்."

தலவாக்கலைக்காரர்கள் ஒரு பக்கம், லிந்துலைக்காரர்கள் ஒரு பக்கம். முப்பத்தொரு பேரும் முப்பத்தொரு விதமாகக் கத்தினார்கள். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சுலக்ஷனாவுக்கு இரத்தம் கொதித்தது.

"செல்லுமா செல்லாதான்னு மேலிடமே சொல்லட்டும்டா!" என்று படிவத்தை எழுதினாள். அழகான கையெழுத்து, கச்சிதமான வாசகம். ஆம் என்பவர்களும் இல்லை என்பவர்களும் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். யன்னல் மூடுவதற்குள் ஓடிப்போய் நீட்டினாள்.

சிவபாதம் படித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஃபைலில் இல்லாததைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. முத்திரை குத்தினார்.

ஆறு வாரம் கழித்து மேலிடத்துப் பதில் வந்தது. நேர்முகப் பரீட்சை நடந்து முடிந்து அப்போது பதினொரு நாள். கிஷாந்தும் கூட்டாளிகளும் லிந்துலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். சுலக்ஷனா கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசித்தாள். மனு மிகக் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டதாகவும், தவளை ராசாவின் வெற்றி எல்லா வகையிலும் செல்லுபடியாகும் எனவும் எழுதியிருந்தது.

"பாத்தியாடா," என்று தாளை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள், "நான் அப்பவே சொன்னேன்ல!"